பதவியில் இருப்பவர் தோற்பது ஏன் இவ்வளவு அரிது? அமெரிக்க மாநில, உள்ளாட்சித் தேர்தல்களைப் பற்றி

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் மாநிலச் சட்டமன்றம், கவர்னர், மேயர், கவுன்டி (நம் மாவட்டம் போன்றது), ஸ்கூல் போர்டு என்று நடக்கும் தேர்தல்களில், ஏற்கெனவே பதவியில் இருப்பவர் மறுபடி நின்றால் எத்தனை முறை ஜெயிக்கிறார்? அரசியல்வாதிகள் மேல் இவ்வளவு கோபம் இருக்கும் நாட்டில் அது எப்படி நடக்கிறது?

முதல் பாதிக்கு நேரடியாகவே பதில் சொல்லிவிடலாம். நூறு பேர் மறுபடி நின்றால் ஏறக்குறைய 95 பேர் ஜெயிக்கிறார்கள். அமெரிக்கத் தேர்தல்களைத் தொடர்ந்து கணக்கெடுக்கும் பேலட்பீடியா தளத்தின்படி, 2020, 2022, 2024 நவம்பர் பொதுத்தேர்தல்களில் இந்த அளவு 93 முதல் 95 சதவீதத்துக்குள்தான் இருந்தது. பெருந்தொற்று வந்தது, விலைவாசி ஏறியது, வெள்ளை மாளிகையில் ஆள் மாறினார், மறுபடி மாறினார். இந்த எண் மட்டும் அசையவே இல்லை.

இரண்டாவது பாதிக்குத்தான் நீளமான பதில் வேண்டும். 95 சதவீதம் என்றதும் "மக்கள் தங்கள் பிரதிநிதி மேல் திருப்தியாக இருக்கிறார்கள்" என்று ஒரு சாரார் சொல்வார்கள். "எல்லாம் பணம், மோசடி" என்று இன்னொரு சாரார் சொல்வார்கள். என் பார்வையில் இரண்டுமே சரியில்லை. அந்த எண் பெரும்பாலும் காட்டுவது, போட்டியே நடக்கவில்லை என்பதைத்தான். நடக்கிற போட்டியும் நவம்பர் மாதத்துக்கு வெகு முன்பே, வேறு இடத்தில், மிகச் சிலர் ஓட்டில் முடிந்துவிடுகிறது.

அளவைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்வோம். 50 மாநிலங்களில் 99 அவைகள் இருக்கின்றன. நெப்ராஸ்காவில் மட்டும் ஒரே அவை, மற்ற இடங்களில் இரண்டு. மொத்த உறுப்பினர்கள் 7,300-க்கும் மேல். அதற்குக் கீழே நகரசபை, கவுன்டி, ஸ்கூல் போர்டு, ஷெரிஃப் (கவுன்டியின் காவல்துறைத் தலைவர்), நீதிபதி, தண்ணீர் வாரியம் என்று தேர்தலில் நிரப்பப்படும் பதவிகள் சுமார் 5 லட்சம். இத்தனை பதவிக்கும் இரண்டிரண்டு பேர் மும்முரமாக மோதிக்கொள்ள ஆள் கிடைக்குமா? கிடைப்பதில்லை. நம் ஊரில் "அன்னப்போஸ்ட்" என்பார்களே, போட்டியின்றித் தேர்வாவது, அது அங்கே அன்றாட விஷயம். 2016-ல் மாநிலச் சட்டமன்ற இடங்களில் 40 சதவீதத்துக்கு மேல், இரு பெரிய கட்சிகளில் ஒன்று மட்டுமே வேட்பாளரை நிறுத்தியது. ட்ரம்புக்கு எதிரான வேகத்தில் ஏராளமான புதியவர்கள் களமிறங்கிய 2018-லும்கூட மூன்றில் ஒரு பங்கு இடங்களில் அதே நிலைதான். இந்த இடங்களில் நின்ற பழைய உறுப்பினர்கள் அத்தனை பேரும் 95 சதவீதக் கணக்கில் 'வெற்றி' என்று சேர்கிறார்கள்.

கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். தோற்கப் போகிறோம் என்று தெரிந்தவர் பெரும்பாலும் நிற்பதே இல்லை. "குடும்பத்தோடு நேரம் செலவிடப் போகிறேன்" என்று அறிக்கை விட்டு ஒதுங்கிக்கொள்கிறார். அவர் கணக்கிலேயே வரமாட்டார். தேறமாட்டார்கள் என்று தோன்றும் பிள்ளைகளைப் பரீட்சைக்கே அனுப்பாமல் "எங்கள் பள்ளி 100 சதவீதத் தேர்ச்சி" என்று பேனர் வைப்பது போன்றது இது. பேனரில் இருக்கும் எண் பொய்யில்லை. ஆனால் அதை வைத்துப் பள்ளியை எடைபோட முடியாது.

சரி, எதிர்த்து நிற்க ஏன் ஆள் வருவதில்லை? முக்கியக் காரணம் தொகுதி எல்லை. பத்து வருடத்துக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும் தொகுதிகளை மறுபடி வரைகிறார்கள். பல மாநிலங்களில் அதை வரைவது சட்டமன்றமேதான். அதாவது அந்தத் தொகுதிகளில் நிற்கப் போகிறவர்களே கோடு போடுகிறார்கள். ஒரு கட்சி மற்றதை நசுக்குவதற்காகக் கோடு இழுப்பதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதைவிட அமைதியாக நடப்பது இன்னொன்று: இரண்டு கட்சிக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து "உன் இடம் உனக்கு, என் இடம் எனக்கு" என்று பிரித்துக்கொள்வது. கலிஃபோர்னியாவில் 2001-ல் நடந்தது அதுதான். விளைவு 2004-ல் தெரிந்தது. அந்த வருடம் அங்கே சட்டமன்றக் கீழவையில் 80, மேலவையில் 20, நாடாளுமன்றக் கீழவைக்கு 53 என்று 153 இடங்களுக்குத் தேர்தல் நடந்தது. ஓர் இடம்கூட ஒரு கட்சியிடமிருந்து இன்னொரு கட்சிக்குப் போகவில்லை. 153-ல் பூஜ்யம். இதைப் பார்த்து வெறுத்துப்போன மக்கள் 2008-ல் பொதுவாக்கெடுப்பு மூலம், மாநிலச் சட்டமன்றத் தொகுதிகளுக்குக் கோடு போடும் வேலையைச் சட்டமன்றத்திடமிருந்து பிடுங்கி ஒரு குடிமக்கள் ஆணையத்திடம் கொடுத்தார்கள்.

எல்லாப் பழியையும் கோடு மேல் போடுவதும் நியாயமில்லை. மக்களே அப்படித்தான் குடியிருக்கிறார்கள். நகரத்துக்குள் டெமாக்ரட், ஊர்ப்புறத்தில் ரிபப்ளிகன். மாசசூசெட்ஸில் எப்படிக் கோடு போட்டாலும் பெரும்பாலான தொகுதிகளில் ரிபப்ளிகன் கட்சிக்காரர் ஜெயிப்பது கஷ்டம், வயோமிங்கில் டெமாக்ரட் ஜெயிப்பது கஷ்டம். ஜெயிக்க முடியாத இடத்தில் வேலையை விட்டு, சேமிப்பைச் செலவழித்து, ஆறு மாதம் வீடு வீடாகக் கதவு தட்ட யார் வருவார்கள்?

அதனால்தான் உண்மையான ஆபத்து உட்கட்சித் தேர்தலில் இருக்கிறது. பிரைமரி என்று அவர்கள் சொல்வது இதைத்தான். கட்சி வேட்பாளரைத் தலைமை அறிவிப்பதில்லை, கட்சி வாக்காளர்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். நவம்பரில் அசைக்கவே முடியாத உறுப்பினர் மார்ச்சில் சொந்தக் கட்சிக்காரரிடம் வீழ்கிறார். இதற்குச் சமீபத்தில் நடந்த பெரிய உதாரணம் டெக்சஸ், 2024. மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல் கென் பாக்ஸ்டனைப் பதவிநீக்கம் செய்ய 2023-ல் சொந்தக் கட்சியினர் பலரே ஓட்டுப் போட்டிருந்தார்கள். அதோடு, அரசுப் பணத்தைத் தனியார் பள்ளிக் கட்டணத்துக்குத் தரும் கவர்னர் கிரெக் அபட்டின் திட்டத்தைக் கிராமப்புற ரிபப்ளிகன் உறுப்பினர்கள் தடுத்துவிட்டார்கள். அவர்கள் ஊர்ப்பக்கம் தனியார் பள்ளிகள் மிகக் குறைவு, அரசுப் பள்ளிதான் எல்லாம். பாக்ஸ்டன் ஒரு பக்கம், அபட் ஒரு பக்கம் என்று அவர்களுக்கு எதிராக ஆள் நிறுத்திப் பிரசாரம் செய்ததில், மார்ச்சில் 9 பேர், மே மாத மறுசுற்றில் 6 பேர் என்று மொத்தம் 15 ரிபப்ளிகன் உறுப்பினர்கள் பதவியிழந்தார்கள். சபாநாயகர் டேட் ஃபீலன் சில நூறு ஓட்டில் தப்பினார். அடுத்த வருடமே அந்தப் பள்ளித் திட்டம் நிறைவேறியது. நவம்பர் தேர்தலில் தொகுதிகள் பெரிதாகக் கைமாறவில்லை. ஆனால் மாநிலத்தின் கல்விக் கொள்கை மாறிவிட்டது. மாற்றியது யார்? மார்ச், மே மாதங்களில் ஓட்டுப்போட வந்த வாக்காளர்கள், மொத்தத்தில் சிறிய பங்கினர்.

பதவிக்குப் பதவி இந்தக் கதை வேறுபடும். ஒரு பதவி எவ்வளவுக்கு மக்கள் கண்ணில் படாமல் இருக்கிறதோ அவ்வளவுக்கு அதில் இருப்பவருக்குப் பாதுகாப்பு அதிகம் என்பது என் கணிப்பு. மாவட்ட அரசு வழக்கறிஞரை எடுத்துக்கொள்ளுங்கள். யார் மேல் வழக்குப் போடுவது, யாரை விடுவது, யாருக்கு மரண தண்டனை கேட்பது என்று முடிவு செய்யும் ஆள். பெரும்பாலான மாநிலங்களில் தேர்தலில் வருகிறார். ரொனால்ட் ரைட் என்ற சட்டப் பேராசிரியர் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், பதவியில் இருக்கும் வழக்கறிஞர்கள் மறுபடி நின்றால் 95 சதவீதம் ஜெயிப்பதாகவும், அவர்கள் நிற்கும் தேர்தல்களில் 85 சதவீதம் எதிர்ப்பே இல்லாமல் முடிவதாகவும் கண்டார். இவ்வளவு அதிகாரம் உள்ள பதவிக்கு நூற்றில் 85 முறை எதிராளியே கிடையாது என்பது எனக்கு உண்மையிலேயே கவலை தரும் விஷயம். காரணமும் புரிகிறது. எதிர்த்து நிற்கத் தகுதியுள்ளவர் உள்ளூர் வக்கீல். தோற்றால், நாளைக்கு அதே அரசு வழக்கறிஞரிடம் தன்னிடம் வழக்குக் கொடுத்தவர்களுக்காகப் போய்ப் பேச வேண்டியவரும் அவர்தான். ஷெரிஃப் பதவியிலும் இதே சிக்கல். எதிர்த்து நிற்கக்கூடிய அனுபவசாலி பெரும்பாலும் அந்த ஷெரிஃபின் கீழே வேலை பார்ப்பவர்.

நீதிபதிகள் இன்னும் ஒரு படி மேலே. மிசூரி மாநிலம் 1940-ல் ஏற்றுக்கொண்ட முறையில், நியமிக்கப்பட்ட நீதிபதிக்கு எதிராக யாரும் நிற்க முடியாது. "இவர் நீடிக்கலாமா? ஆம், இல்லை" என்று மட்டும் ஓட்டுச்சீட்டில் இருக்கும். கிட்டத்தட்ட எல்லோரும் 'ஆம்' வாங்கிவிடுவார்கள். தோற்றவர்களை விரல்விட்டுச் சொல்லிவிடலாம், அவர்கள் தோற்ற காரணத்தையும் சேர்த்து. கலிஃபோர்னியாவில் 1986-ல் தலைமை நீதிபதி ரோஸ் பர்டும் இன்னும் இருவரும் மரண தண்டனைத் தீர்ப்புகளுக்காக வீழ்ந்தார்கள். அயோவாவில் 2010-ல், ஒருபாலினத் திருமணத்தை அனுமதித்த தீர்ப்புக்குப் பிறகு மூன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகளை மக்கள் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதாவது ஒரு தீர்ப்பு ஊரெல்லாம் பேச்சாகி, யாராவது அதற்கெனப் பணம் செலவழித்துப் பிரசாரம் செய்தால் மட்டுமே நீதிபதிக்கு ஆபத்து. மற்றபடி அந்தப் பெயர்களை யாரும் கவனிப்பதே இல்லை.

கவர்னருக்கு வருவோம். அங்கே கவர்னர் டெல்லியிலிருந்து அனுப்பப்படுபவர் மாதிரி இல்லை. மக்கள் ஓட்டில் வரும் மாநில அரசின் தலைவர், நம் முதல்வர் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டியவர். டிவியில் தினமும் தெரியும் முகம், எதிராளிக்கும் நிறையப் பணம் கிடைக்கும். அதனால் சட்டமன்ற உறுப்பினரைவிட அடிக்கடி தோற்கிறார். 2014-ல் பென்சில்வேனியாவில் டாம் கார்பெட், இல்லினாயில் பாட் க்வின், அலாஸ்காவில் ஷான் பார்னெல் என்று மூவர் நவம்பரில் தோற்றார்கள். ஹவாயில் நீல் அபர்க்ராம்பி உட்கட்சித் தேர்தலிலேயே வீழ்ந்தார். க்வினைத் தோற்கடித்த ப்ரூஸ் ரவ்னர் 2018-ல் தானே தோற்றார். கன்சாஸில் அதே வருடம் ஜெஃப் காலியர் உட்கட்சித் தேர்தலில் 343 ஓட்டில் பதவியிழந்தார். கென்டக்கியில் 2019-ல் மாட் பெவின் சுமார் 5,000 ஓட்டில் ஆண்டி பெஷியரிடம் தோற்றார். ட்ரம்ப் பெரிய வித்தியாசத்தில் ஜெயிக்கும் அந்த மாநிலத்தில், டெமாக்ரட்டான பெஷியர் 2023-ல் மறுபடியும் ஜெயித்ததுதான் கூடுதல் ஆச்சரியம். ஆனால் 2020-க்குப் பின் இதுவும் சுருங்கிவிட்டது. 2020-ல் நின்ற கவர்னர் ஒருவரும் தோற்கவில்லை. 36 மாநிலங்களில் தேர்தல் நடந்த 2022-ல் தோற்ற ஒரே கவர்னர் நெவாடாவின் ஸ்டீவ் சிசலாக். 2024-ல் யாரும் இல்லை.

மேயர்களில்தான் எனக்குச் சுவாரஸ்யம் அதிகம். மக்கள் தங்கள் வாழ்க்கையில் நேரடியாகப் பார்க்கும் ஒரு விஷயத்துக்காகத் தண்டிக்கும் பதவி அது ஒன்றுதான் என்று தோன்றுகிறது. சிகாகோவில் 1979 ஜனவரியில் கடும் பனி. தெருக்களில் பனியை அள்ளவில்லை, குப்பை எடுக்கவில்லை. நகர ரயில்கள் கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளின் நிலையங்களில் நிற்காமல் போயின. அடுத்த மாதமே உட்கட்சித் தேர்தல். நகரத்தின் பலம்வாய்ந்த கட்சி இயந்திரம் முழுவதும் மேயர் மைக்கேல் பிலாண்டிக் பின்னால் நின்றும் ஜேன் பைர்ன் அவரைத் தோற்கடித்தார். நான்கு வருடம் கழித்து 1983-ல் பைர்னை ஹெரால்ட் வாஷிங்டன் தோற்கடித்தார். அதற்குப் பிறகு தேர்தலில் வென்று வந்த மேயர் ஒருவர் அங்கே தோற்க 40 வருடம் ஆனது. 2023-ல் லோரி லைட்ஃபுட் முதல் சுற்றிலேயே மூன்றாவது இடத்துக்குப் போனார். 2024-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் லண்டன் ப்ரீட் தோற்றார். பெருந்தொற்றுக்குப் பிறகு குற்றம், வீடற்றவர்கள், வெறிச்சோடிய கடைவீதி என்று நகரவாசிகள் தினமும் பார்த்ததற்கெல்லாம் மேயர்கள் விலை கொடுத்தார்கள்.

ஆனால் மேயருக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. பாஸ்டனில் 1949-ல் ஜேம்ஸ் மைக்கேல் கர்லி தோற்றபிறகு, தேர்தலில் வென்று வந்த எந்த மேயரும் பதவியில் இருக்கும்போது தோற்றதில்லை. நியூ யார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் 2021-ல் நடந்ததைக் கேளுங்கள். நான்கு முறை மேயரான பைரன் ப்ரவுன், உட்கட்சித் தேர்தலைப் பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை, எதிராளியோடு விவாதத்துக்குக்கூட வரவில்லை. ஜூனில் இந்தியா வால்ட்டன் என்ற புதியவரிடம் தோற்றார். அத்தோடு கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், ஏனென்றால் எதிர்க்கட்சி வேட்பாளரே இல்லை. ப்ரவுனோ, சீட்டில் தன் பெயர் இல்லாவிட்டாலும் வாக்காளரே பெயரை எழுதிப் போடலாம் என்ற விதியைப் பிடித்துக்கொண்டார். பெயர் பதித்த ரப்பர் ஸ்டாம்பு வரை அச்சிட்டுக் கொடுத்தார்கள். நவம்பரில் அச்சிட்ட ஒரே பெயரான வால்ட்டனை, அச்சிடாத பெயர் தோற்கடித்தது. 16 வருடம் அந்த நாற்காலியில் இருந்ததால் வரும் பலம் என்ன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி எனக்குத் தெரியாது. பெயர் எல்லோருக்கும் தெரியும், வணிகர்கள் உடன் இருக்கிறார்கள், தொழிற்சங்கங்களோடு பழைய உறவு இருக்கிறது, மாற்றத்தைப் பார்த்துப் பயப்படும் மறுகட்சி வாக்காளர்களும் வந்து சேர்கிறார்கள்.

கவர்னர், மேயர் விஷயத்தில் சொன்னது ஆளைப் பார்த்து மக்கள் தரும் தீர்ப்பு. சட்டமன்ற உறுப்பினர்கள் தோற்கும் விதம் வேறு. அவர்கள் பெரும்பாலும் தங்கள் குற்றத்துக்காகத் தோற்பதில்லை. வாஷிங்டனில் இருப்பவருக்காகத் தோற்கிறார்கள். ஒபாமா காலத்தில் 2010-ல் டெமாக்ரட்டுகள் நாடு முழுக்கச் சுமார் 680 சட்டமன்ற இடங்களை இழந்தார்கள். ட்ரம்ப் காலத்தில் 2018-ல் ரிபப்ளிகன் கட்சி 300-க்கு மேல் இழந்தது. ஸ்டீவன் ராஜர்ஸ் என்ற அரசியல் ஆய்வாளர் இதை நீண்ட காலம் ஆராய்ந்து, மாநில உறுப்பினரின் தலைவிதியை அவர் சட்டமன்றத்தில் செய்ததைவிட ஜனாதிபதியின் செல்வாக்கே அதிகம் தீர்மானிக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 2018-ல் எடுத்த கருத்துக்கணிப்பில், தங்கள் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் பெயரைச் சொல்ல முடிந்தவர்கள் 20 சதவீதத்துக்கும் குறைவு. பெயரே தெரியாதவரை அவர் செயலுக்காக எப்படிப் பாராட்டுவது, எப்படித் தண்டிப்பது?

வெர்ஜினியாவில் 2017-ல் இந்த அலை எப்படி அடித்தது என்று பாருங்கள். கீழவையின் 100 இடங்களில் 66 ரிபப்ளிகன் கையில் இருந்தது. ஒரே இரவில் 51 ஆனது. 1992 முதல் உறுப்பினராக இருந்த பாப் மார்ஷல், திருநங்கையான டானிகா ரோமிடம் தோற்றார். 94-வது தொகுதியில் பதவியில் இருந்த டேவிட் யான்சியும், எதிர்த்து நின்ற ஷெல்லி சைமண்ட்ஸும் ஆளுக்கு 11,608 ஓட்டு. சமநிலை. சட்டப்படி, 2018 ஜனவரியில் ஒரு பீங்கான் கிண்ணத்தில் இரண்டு பெயர்களையும் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். யான்சி பெயர் வந்தது. அந்த ஒரு சீட்டினால்தான் ரிபப்ளிகன் கட்சிக்கு 51-49 என்று அவை தங்கியது. இரண்டு வருடம் கழித்து, நீதிமன்ற உத்தரவால் எல்லைகள் மாறியபின் சைமண்ட்ஸ் ஜெயித்தார்.

நியூ ஹாம்ஷயரில் இது இன்னும் சுத்தமாகத் தெரியும். அங்கே கீழவையில் 400 உறுப்பினர்கள், சம்பளம் வருடத்துக்கு 100 டாலர். 2018-ல் சட்டமன்றம் டெமாக்ரட் வசம் போனது, 2020-ல் ரிபப்ளிகன் வசம் திரும்பியது. இரண்டு முறையும் கவர்னர் கிறிஸ் சுனுனு, ரிபப்ளிகன், பத்திரமாக ஜெயித்தார். அதே வாக்காளர்கள், அதே நாள், அதே சீட்டு. கவர்னரை ஆளாகப் பார்த்தார்கள், சட்டமன்ற உறுப்பினரைக் கட்சியாகப் பார்த்தார்கள். பக்கத்து வெர்மான்டிலும் அப்படித்தான்: டெமாக்ரட்டுகளின் கோட்டை, ஆனால் ரிபப்ளிகன் கவர்னர் ஃபில் ஸ்காட் 2024-ல் 70 சதவீதத்துக்கு மேல் வாங்கினார்.

அப்படியானால் 'பதவியில் இருப்பது' என்பதற்கே தனியாக ஏதாவது லாபம் இருக்கிறதா, இல்லை பாதுகாப்பான தொகுதியில் இருக்கும் லாபம் மட்டும்தானா? ஆய்வாளர்கள் இதைப் பிரித்துப் பார்க்கப் படாதபாடு பட்டிருக்கிறார்கள். ஸ்டீஃபன் ஆன்சோலபெஹேர், ஜேம்ஸ் ஸ்னைடர் இருவரும் 1942 முதல் 2000 வரையிலான மாநில, மத்தியத் தேர்தல்களை எடுத்துப் பார்த்தபோது, லாபம் உண்மைதான், காலப்போக்கில் அது வளர்ந்தது, எல்லாப் பதவியிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி வளர்ந்தது என்று கண்டார்கள். அந்தக் கடைசி முடிவு முக்கியம். அதுவரை, நாடாளுமன்ற உறுப்பினருக்குத் தரும் அலுவலக ஆட்கள், இலவசத் தபால் போன்ற சலுகைகளால்தான் அவர் ஜெயிக்கிறார் என்று பலர் சொல்லிவந்தார்கள். அந்தச் சலுகை எதுவும் இல்லாத மாநில அதிகாரிகளும் அதே அளவு லாபம் பெற்றால், காரணத்தை வேறு எங்கோதான் தேட வேண்டும். இப்போது கட்சி விசுவாசம் இறுகிப்போனதால் அந்தத் தனிப்பட்ட லாபம் குறைந்துவிட்டது. ஆனாலும் வெற்றி விகிதம் குறையவில்லை, ஏனென்றால் பாதுகாப்பான தொகுதிகள் கூடிவிட்டன.

சின்னச் சின்ன ஏற்பாடுகளும் உதவுகின்றன. மாசசூசெட்ஸில் ஓட்டுச்சீட்டிலேயே, பதவியில் இருப்பவர் பெயருக்குப் பக்கத்தில் 'மறுதேர்தலுக்கு நிற்பவர்' என்று அச்சிட்டிருக்கும். மிச்சிகனில் பதவியில் இருக்கும் நீதிபதியின் பெயரோடு அவர் பதவியும் சீட்டில் வரும். கட்சிப் பெயர் இல்லாத உள்ளூர்த் தேர்தலில், முன்பின் தெரியாத இரண்டு பெயர்களைப் பார்க்கும் வாக்காளருக்கு அந்த ஒரு வரி போதும். சம்பளமும் ஒரு வடிகட்டி. டெக்சஸ் உறுப்பினருக்கு மாதம் 600 டாலர்தான். அதில் குடும்பம் நடத்த முடியாது என்பதால், சொந்தத் தொழிலோ வசதியோ உள்ளவர் மட்டுமே எதிர்த்து நிற்க யோசிப்பார்.

இதற்கு மருந்தாகப் பல மாநிலங்கள் கொண்டுவந்தது பதவிக்கால வரம்பு. இப்போது 16 மாநிலச் சட்டமன்றங்களில் இருக்கிறது. இத்தனை வருடத்துக்கு மேல் நிற்கவே கூடாது என்று சட்டம். புதியவர்கள் வருகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் எதிராளிகள் "எப்படியும் நாலு வருடத்தில் இவர் போய்விடுவார், அப்போது நிற்போம்" என்று காத்திருக்கிறார்கள். போட்டி மறைந்து முறைவைத்து ஏறுவது வந்துவிடுகிறது. அதோடு, அனுபவம் உள்ள உறுப்பினர் போனால் அந்த இடத்தை நிரப்புவது நீண்டகால அதிகாரிகளும், சட்டங்களைத் தங்களுக்குச் சாதகமாக்க நிறுவனங்கள் அமர்த்தும் ஆட்களும்தான். கலிஃபோர்னியாவும் மிச்சிகனும் தங்கள் கடுமையான வரம்பைப் பிறகு தளர்த்தி, மொத்தம் 12 வருடம், எந்த அவையில் வேண்டுமானாலும் என்று மாற்றிக்கொண்டன. நெப்ராஸ்காவில் எர்னி சேம்பர்ஸ் என்ற கறுப்பின உறுப்பினர் 1971-லிருந்து சட்டமன்றத்தில் இருந்தார். வரம்பினால் 2009-ல் வெளியேறினார், ஒரு முறை விட்டுவிட்டு 2013-ல் ஜெயித்துத் திரும்பி வந்து, 2021-ல் மறுபடி வரம்பினால் வெளியேறினார். அவரைத் தொகுதி மக்கள் அனுப்பவில்லை, சட்டம்தான் இரண்டு முறையும் அனுப்பியது.

தமிழ்நாட்டில் பழகியவர்களுக்கு இதெல்லாம் விசித்திரமாக இருப்பது இயல்பு. 1989 முதல் 2011 வரை ஒவ்வொரு சட்டமன்றத் தேர்தலிலும் ஆட்சி மாறியது, 2016-ல்தான் அந்தத் தொடர் அறுந்தது. 1996-ல் முதல்வராக இருந்த ஜெயலலிதாவே பர்கூரில் தோற்றார். இந்திய மாநிலத் தேர்தல்களை ஆராய்ந்தவர்களில் யோகேஷ் உப்பல் போன்றோர், இங்கே பதவியில் இருப்பது பாதகமாகவே முடிகிறது என்று காட்டியிருக்கிறார்கள். அமெரிக்கர்கள் பொறுமைசாலிகள், நாம் கோபக்காரர்கள் என்பதல்ல காரணம். இங்கே தொகுதி எல்லையைப் போட்டியாளர்கள் வரைவதில்லை, எல்லாத் தொகுதியிலும் இரண்டு பெரிய அணிகள் ஆள் நிறுத்துகின்றன, கூட்டணி மாறினால் ஓட்டுக் கணக்கே மாறுகிறது, சிட்டிங் எம்.எல்.ஏ.வுக்கு மறுபடி சீட்டுக் கிடைக்குமா என்பதையே கட்சித் தலைமைதான் முடிவு செய்கிறது. அமெரிக்காவில் சீட்டை யாரும் மேலிருந்து மறுக்க முடியாது. பதவியில் இருப்பவரின் பெரிய பலமே அதுதான்.

நீங்கள் அங்கே குடியுரிமையோடு இருப்பவர் என்றால், உங்கள் பகுதியில் நிலைமை என்ன என்று பார்க்க நவம்பர் முடிவைத் தோண்ட வேண்டாம். மூன்று விஷயம் பாருங்கள். மனுத்தாக்கலுக்குக் கடைசி நாள் முடிந்தபோது உங்கள் உறுப்பினருக்கு எதிராக எத்தனை பேர் இருந்தார்கள்? உட்கட்சித் தேர்தலில் எத்தனை பேர் ஓட்டுப் போட்டார்கள்? அந்த ஓட்டுச்சீட்டை வடிவமைத்தது யார்? கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றலாம். தமிழர்கள் நிறைய இருக்கும் நியூ ஜெர்சியில், கவுன்டி கட்சித் தலைவர்கள் ஆதரிக்கும் வேட்பாளர்களை மட்டும் ஒரே வரிசையில் பளிச்சென்று அச்சிட்டு, மற்றவர்களை ஓரத்தில் தள்ளும் வழக்கம் பல பத்தாண்டுகளாக இருந்தது. அந்த வரிசையில் இருந்த உறுப்பினர் உட்கட்சித் தேர்தலில் தோற்பது மிக அபூர்வம். ஆண்டி கிம் 2024-ல் செனட்டுக்கு நிற்கும்போது வழக்குப் போட்டார், மத்திய நீதிபதி ஒருவர் அந்த வருட டெமாக்ரட் உட்கட்சித் தேர்தலுக்கு அதைத் தடுத்தார். 2025-ல் மாநிலமே சட்டத்தை மாற்றி, ஒரு பதவிக்கு நிற்பவர்கள் எல்லோரையும் ஒரே கட்டத்தில் சேர்த்துப் போட வைத்தது. ஜூன் மாத உட்கட்சித் தேர்தலுக்கு வரும் சீட்டு இப்போது அப்படித்தான் இருக்கும்.